தாழ்ப்பாள்

அன்புள்ள மருமகளுக்கு,

குறிஞ்சிக் குழுவுக்கு நீ தலைவியானதை அக்கா போனில் சொன்னாள். 2024 நவம்பரில் அரசுப் பள்ளிகளில் ‘மகிழ் முற்றம்’ தொடங்கியபோது, ஐந்திணைப் பெயரில் பிள்ளைகளைப் பிரிப்பது விளையாட்டு விழாவுக்குத்தான் ஆகும் என்று நினைத்தேன். நீயோ எடுத்த எடுப்பில், “பள்ளிக்கூடத்துக்கு என்ன மாமா கேக்கலாம்?” என்கிறாய்.

நானும் ஒரு காலத்தில் மாணவர் தலைவன். என்னப்பா வேணும் என்றார் தலைமையாசிரியர். கிரிக்கெட் மட்டை என்றேன், வந்தது. பெருமை தாங்கவில்லை. பல வருஷம் கழித்து, பெண்ணையாற்று மணலில் கபிலர் குன்றைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தபோது உன் அம்மா சொன்னாள்: அப்போது பெண்பிள்ளைகள் கழிப்பறையில் தாழ்ப்பாளே கிடையாது. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவை இழுத்துப் பிடிப்பாள். பிடிக்க ஆள் இல்லாத அன்று காலையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டார்களாம். நாலு திருகாணி வேலை!

“ஏன்க்கா எங்கிட்ட சொல்லலை?”

“நீ கேட்டியாடா?”

அதனால், மேலே கேட்கப் போகுமுன் கீழே கேள். கூட்டம் போட்டுக் கேட்டால் சத்தம் போடுகிறவன் ஆசைதான் காகிதத்தில் ஏறும். ஆறாம் வகுப்பு வாசலில் நில். விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிடு. ‘கழிப்பறை சரியில்லை’ என்று எழுதாதே. எந்தக் கதவு, எந்தக் குழாய், என்றைக்குப் பார்த்தாய் என்று எழுது.

எழுதியதைப் பள்ளி மேலாண்மைக் குழுவுக்குக் கொண்டு போ. அதில், 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, முக்கால் பங்கு பெற்றோர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். மத்திய அரசின் 2010 மாதிரி விதிகளில் ‘உள்ளூர்க் கல்வியாளர்/பள்ளிக் குழந்தைகள்’ என்று ஓர் இடம் உண்டு. அந்தச் சாய்கோட்டில்தான் நீங்கள் தொங்கிக்கொண்டிருக்கிறீர்கள்! போகட்டும், குழுவில் இருக்கும் அம்மாக்களிடம் அதைக் கொடு. தாழ்ப்பாள் விஷயத்தை அவர்களுக்கு விளக்க வேண்டியிருக்காது.

வாய்விட்டுச் சொல்ல முடியாததைச் சொல்ல ‘மாணவர் மனசு’ பெட்டியும் 14417 உதவி எண்ணும் இருக்கின்றன. சின்னப் பிள்ளைகளுக்கு அதை நீதான் சொல்ல வேண்டும்.

நகல் ஒன்று வைத்துக்கொள். பதில் வராவிட்டால் அடுத்த மாதமும் அதையே எடுத்துப் போ. காசில்லை என்றால் மாமாவைக் கூப்பிடாதே. தாழ்ப்பாள் போடுவது பள்ளிக்கூடத்து வேலை, என் தருமமல்ல. எழுதி முடித்ததும் எனக்கு அனுப்ப வேண்டாம். முதலில் உன் அம்மாவிடம் காட்டு.

அன்புடன்,
மாமா