யாமல் கோப்புகளும் லின்ட் சோதனையும்

மாணவர்களே, "தொடரியல் வழு இல்லாத கோப்பு சரியான கோப்பாகுமா?" எனக் கேட்டால் என் வகுப்பில் பலர் "ஆம்" என்றே எழுதுகின்றனர். விடை "இல்லை" என்பதாகும். காரணத்தைப் பார்ப்போம்.

சேவையகங்களைக் கையால் ஒழுங்குபடுத்தாமல், வேண்டியவற்றைக் கோப்பில் எழுதி அன்சிபிள், டொக்கர் கொம்போஸ் போன்ற மென்பொருள்களிடம் கொடுப்பது இன்றைய வழக்கம். இக்கோப்புகள் யாமல் மொழியில் எழுதப்படுகின்றன. அதன் 1.1 பதிப்பு 2005இலும், 1.2 பதிப்பு 2009இலும் வெளிவந்தன. அன்சிபிள் பயன்படுத்தும் பைதன் வாசிப்பான் இன்றும் 1.1 விதிகளையே பின்பற்றுகிறது.

1.1 பதிப்பில் யெஸ், நோ, ஓன், ஓஃப் ஆகிய சொற்கள் பூலியன் பெறுமானங்களாகும். எனவே நாட்டுக் குறியீடுகளின் பட்டியலில் இலங்கைக்குரிய எல்கே சரமாகவே இருக்க, நோர்வேக்குரிய என்ஓ "பொய்" என மாறிவிடும்! 1.2 பதிப்பின் பொது விதிப்படி அது வெறும் சரம்.

இதைவிட ஆபத்தானது 0644 எனும் கோப்பு அனுமதி. 1.1 பதிப்பில் முன்னிற்கும் பூச்சியம் எண்ம எண்ணைக் குறிக்கும்:

6×64 + 4×8 + 4 = 420

1.2 பதிப்பிலோ அது தசம 644 ஆகும். தசம 644ஐ எண்ம எண்ணாக மாற்றினால் 1204 கிடைக்கும் (512 + 128 + 4). கடைசி மூன்று இலக்கங்களைக் கவனியுங்கள். உரிமையாளருக்கு 2, அதாவது எழுத மட்டும் அனுமதி. பிறருக்கு 4, வாசிக்க அனுமதி. தன் கோப்பைத் தானே வாசிக்க முடியாத உரிமையாளர்! தொடரியல் வழு எதுவும் காட்டப்படமாட்டாது.

இத்தகைய இடங்களைக் காட்டுவதே லின்ட் கருவி. துணியில் ஒட்டும் நூல்தூசைக் குறிக்கும் இப்பெயரை, 1978இல் பெல் ஆய்வுகூடத்தில் ஸ்டீபன் ஜோன்சன் சி மொழிக்கான தமது சோதனை நிரலுக்கு இட்டார். (பெயர் வைப்பதில் கணினிக்காரர் நம் புலவர்களுக்குச் சளைத்தவர்கள் அல்லர்.) யாமலுக்குரியது யாமல்லின்ட். அது கோப்பை இயக்குவதில்லை. வாசித்து, வரி எண்ணுடன் எச்சரிக்கும். மேற்கோட்குறியில்லாத "நோ"வை இயல்பாகவே சுட்டும். 0644ஐச் சுட்டும் விதி இயல்பில் முடக்கப்பட்டிருக்கும். நீங்களே இயக்க வேண்டும்.

இங்கு ஒரு பொறி உண்டு. கோப்பின் தலையில் "பதிப்பு 1.2" என அறிவித்தால், புதிய யாமல்லின்ட் "நோ"வைக் குறைகூறாது. ஆனால் மேற்சொன்ன பைதன் வாசிப்பான் அவ்வறிவிப்பைப் பொருட்படுத்தாமல் "பொய்" என்றே வாசிக்கும். ஆகவே முதலில் அறிய வேண்டியது, கோப்பை வாசிக்கப்போகும் மென்பொருள் பின்பற்றும் பதிப்பையே.

மாதிரி வினா: கொம்போஸ் கோப்பில் துறை எண்கள் 22:22 என மேற்கோட்குறியின்றி எழுதப்பட்டுள்ளன. 1.1 வாசிப்பான் பெறும் பெறுமானம் யாது?

விடை: 1.1 இதனை 60ஐ அடியாகக் கொண்ட எண்ணாகக் கருதும். 22×60 + 22 = 1342. இதற்கென யாமல்லின்டில் தனி விதி இல்லை. மேற்கோட்குறிக்குள் எழுதினால் இரு பதிப்புகளிலும் அது சரமாகவே இருக்கும்.