சுதந்திரத்துக்கு ஒரு கிழமை

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சிகாகோ குளிரையும் விடுதிச் சாப்பாட்டையும் நாலு வரியில் முடித்துவிட்டு, மீதி முழுக்க அந்த ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரியைப் பற்றியே எழுதியிருக்கிறாய். ஒருவர் சாக்ஸஃபோனை ஊதாமல் அதன் விசைகளை மட்டும் தட்டிக்கொண்டிருந்தாராம். இன்னொருவர் டிரம்ஸின் தட்டை வயலின் வில்லால் இழுத்தாராம். சுருதி பிடிபடவில்லை, தாளம் பிடிபடவில்லை, பாதியில் எழுந்து வந்துவிட்டேன் என்கிறாய். "இதையும் காசு கொடுத்துக் கேட்கிறார்களே அத்தை, இது இசைதானா?" என்று கேட்டிருக்கிறாய்.

கேள்வி நியாயமானது. பத்து வயதிலிருந்து வயலின் படித்தவள் நீ. காதுக்குப் பிடிக்காததைப் பிடித்ததாகச் சொல்லத் தேவையில்லை. ஆனால் ஒரே ஒரு மாலையை வைத்துத் தீர்ப்பு எழுதாதே. நீ இருக்கும் ஊர் இந்தச் சுதந்திர இசைக்கு அறுபது ஆண்டு வீடு கொடுத்த ஊர். அந்தக் கதையைத் தெரிந்துகொண்டு மறுபடி போ என்பதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சிகாகோவின் தெற்குப் பகுதி, அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கறுப்பின மக்கள் லட்சக்கணக்கில் குடியேறிய இடம். ஒரு காலத்தில் அங்கே தெருவுக்குத் தெரு ஜாஸ் வாசிக்கும் மதுக்கூடங்கள் இருந்தன. 1950களின் கடைசியிலிருந்து அவை ஒவ்வொன்றாக மூடப்பட்டன. காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் இருக்கையில், ஐந்து பேருக்குச் சம்பளம் கொடுத்து வாசிக்கச் சொல்லப் பல கடைக்காரர்களுக்கு மனம் வரவில்லை. மிச்சமிருந்த இடங்களிலும் வாடிக்கையாளர் கேட்ட பழைய பாட்டைத்தான் வாசிக்க வேண்டும். கைநிறையப் புது இசை வைத்திருந்த இளைஞர்களுக்கு அதைக் காட்ட மேடை இல்லை.

அவர்களில் ஒருவர் பியானோக் கலைஞர் ரிச்சர்ட் ஆப்ரம்ஸ். பின்னாளில் முகல் என்ற பெயரை முன்னால் சேர்த்துக்கொண்டார். பெரும்பாலும் தானே படித்துத் தேர்ந்தவர். 1960களின் தொடக்கத்தில் 'எக்ஸ்பெரிமென்டல் பேண்ட்' என்று ஒரு குழுவைக் கூட்டினார். சாக்ஸஃபோன் வாசித்த ராஸ்கோ மிட்செல், ஜோசப் ஜார்மன் போன்ற இருபதுகளில் இருந்த பிள்ளைகள் அதில் வந்து சேர்ந்தார்கள். வாரந்தோறும் கூடுவார்கள், யார் எதை எழுதிவந்தாலும் எல்லோரும் சேர்ந்து வாசித்துப் பார்ப்பார்கள். கேட்க வெளியாள் யாரும் கிடையாது.

1965 மே மாதம் ஆப்ரம்ஸும் ஜோடி கிறிஸ்டியன், ஸ்டீவ் மெக்கால், ஃபில் கோரன் ஆகிய மூவரும் சேர்ந்து, தெரிந்த இசைக்காரர்களுக்கெல்லாம் தபால் அட்டை அனுப்பினார்கள். கோரனின் வீட்டில் கூட்டம். அன்றைய பேச்சை ஒலிநாடாவில் பதிந்தும் வைத்தார்கள். நமக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்பதில் எல்லோரும் ஒத்துப்போனார்கள். வாதம் எழுந்தது வேறொரு விஷயத்தில்: சங்கத்தின் மேடையில் எதை வாசிப்பது? பழக்கமான பாட்டுகளை வாசித்தால் கூட்டம் வரும். ஆனால் சொந்தமாக உருவாக்கிய இசையை மட்டுமே வாசிப்பது என்று முடிவெடுத்தார்கள். அப்படிப் பிறந்ததுதான் 'படைப்பிசைக் கலைஞர் முன்னேற்றச் சங்கம்'. உலகம் அதை ஏ.ஏ.சி.எம். என்று அழைக்கிறது. அந்த ஆகஸ்டில் ஜார்மனின் குழுவோடு கச்சேரித் தொடர் தொடங்கியது.

அந்தக் கச்சேரிகளை நடத்தியது யார் தெரியுமா? வாசித்தவர்களேதான். இடம் பிடிப்பது, சுவரொட்டி ஒட்டுவது, நாற்காலி போடுவது, வாசலில் சீட்டுக் கிழிப்பது எல்லாம் அவர்கள் வேலை. மதுக்கூடத்தில் கண்ணாடித் தம்ளர்ச் சத்தத்துக்கு நடுவே வாசித்துப் பழகியவர்களுக்கு, இசையைக் கேட்க மட்டுமே ஆட்கள் வந்து உட்காரும் ஒரு மாலை எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பார். நீ போய் உட்கார்ந்த அரங்கின் அமைதி தானாக வந்ததில்லை. அறுபது ஆண்டுகளுக்கு முன்னால் அதற்காகப் பாடுபட்டிருக்கிறார்கள்.

சரி, இசைக்கு வருகிறேன். நம் கர்நாடக இசை மேடையில் மனோதர்மம் இருக்கிறது. நிரவலிலும் கற்பனாஸ்வரத்திலும் அந்த நிமிடத்தில் தோன்றுவதைத்தானே வாசிக்கிறோம்? ஆனால் கல்யாணி ராகம் என்றால் எந்த ஸ்வரம் வரும், எடுப்பு எங்கே விழும் என்பது மிருதங்கக்காரருக்கும் தெரியும், முன்வரிசை ரசிகருக்கும் தெரியும். அந்த உடன்பாடு நமக்கு முன்பே ஆகிவிட்டது. பல தலைமுறைகள் அதைச் செய்து கொடுத்திருக்கின்றன. நீ கேட்ட கச்சேரியில் உடன்பாட்டையே மேடையில் ஏறிய பிறகு தேடுகிறார்கள். அடுத்தவர் எழுப்பிய ஒலியை ஏற்பதா, எதிர்ப்பதா, விட்டு விலகுவதா என்று ஒவ்வொருவரும் அந்தக் கணத்தில் முடிவெடுக்க வேண்டும். பாட்டைத் தேடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் இந்தத் தேடல் கண்ணில் படாமலே போய்விடும்.

இதற்குக் காதைப் பழக்க ஒரு இசைத்தட்டைச் சொல்கிறேன். ராஸ்கோ மிட்செலின் குழு 1966இல் டெல்மார்க் நிறுவனத்துக்காகப் பதிவு செய்த 'சவுண்ட்'. அந்தச் சங்கத்தாரின் இசை முதன்முதலாக இசைத்தட்டில் ஏறியது அதில்தான். ஜாஸ் என்றால் வேகமும் அடர்த்தியும் என்று இருந்த காலத்தில், இவர்கள் இடையிடையே மௌனத்தை விட்டார்கள். ஹார்மோனிகா, ரெக்கார்டர், சின்னச் சின்ன மணிகள் என்று பிள்ளைகள் கையில் இருக்கும் சாமான்களை எல்லாம் எடுத்து வாசித்தார்கள். ஒரு மணியை ஒருமுறை தட்டிவிட்டு அது கரைந்து முடியும்வரை காத்திருப்பதும் வாசிப்புதான் என்பது அதைக் கேட்டால் புரியும். அதே சங்கத்தின் ஹென்றி திரெட்கில், கார்ச் சக்கரத்தின் உலோக மூடிகளை வரிசையாகத் தொங்கவிட்டு ஒரு தாள வாத்தியமே செய்துகொண்டார். 2016இல் இசைக்கான புலிட்சர் பரிசு அவருக்குக் கிடைத்தது. விசைகளைத் தட்டிய அந்த சாக்ஸஃபோன்காரர் உன்னைக் கேலி செய்யவில்லை. அந்தக் கருவிக்குள் இன்னும் என்னென்ன நாதம் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருந்தார்.

ராஸ்கோவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். 1976இல் ஸ்விட்சர்லாந்தின் வில்லிசாவ் ஊர் ஜாஸ் விழாவில், அதே சங்கத்துச் சாக்ஸஃபோன் கலைஞர் அந்தோனி ப்ராக்ஸ்டன் வாசிக்க வேண்டியது. அவர் வரமுடியாமல் போக, அந்த இடத்தில் ராஸ்கோ தனியாக மேடை ஏறினார். எதிர்பார்த்தவர் வராத எரிச்சலில் இருந்த கூட்டம் கூச்சலிட்டது. ராஸ்கோ தன் 'நோனா' என்ற உருப்படியின் கூர்மையான, குறுகிய முதல் சங்கதியை வாசித்தார். மறுபடி அதையே வாசித்தார். மறுபடி, மறுபடி, அதையே. ஒரு ஸ்வரத்தை அழுத்துவது, ஒன்றைக் கொஞ்சம் கிழிப்பது என்று சின்ன மாற்றங்கள் மட்டும். கூச்சல் ஏறுகிறது, அவர் நகரவே இல்லை. பல நிமிடங்களுக்குப் பிறகு, கூட்டம் தன் பக்கம் திரும்பியதும்தான் அந்தச் சங்கதியைவிட்டு வெளியே வருகிறார். கடைசியில் அதே கூட்டத்தின் கைதட்டலும் அந்தக் கச்சேரியின் பதிவில் இருக்கிறது. கூச்சலையும் சேர்த்தே அதை வெளியிட்டார்கள். மனம் போன போக்கில் ஊதுகிறவரால் இது முடியுமா? ஒரே சங்கதியில் அவ்வளவு நேரம் ஊன்றி நிற்க எத்தனை ஆண்டுச் சாதகம் வேண்டும் என்று வில் பிடித்த உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அடுத்த முறை போகும்போது இப்படிச் செய். கூடியவரை முன்வரிசையில் உட்கார். முதல் பத்து நிமிடம் ராகம், தாளம், பொருள் எதையும் தேடாமல் நாதத்தை மட்டும் கேள்: கரகரப்பா, வழவழப்பா, காற்றா, உலோகமா? அடுத்து ஒரே ஒரு கலைஞரைத் தேர்ந்தெடுத்து அவரையே கவனி. அவர் வாசிப்பதைவிட வாசிக்காமல் இருக்கும் நேரங்களைக் கவனி. எப்போது ஒதுங்கிக்கொண்டார், யாருக்கு இடம் விட்டார், எதைக் கேட்டு மறுபடி உள்ளே வந்தார்? கடைசியாக, முடிவைக் கவனி. யாரும் சைகை காட்டாமலே மூன்று பேர் ஒரே நொடியில் நிறுத்துவார்கள். அது கூடிவரும்போது அரங்கமே மூச்சை விடும்.

கூடிவராமலும் போகும், அதையும் தெரிந்துகொள். நம் கச்சேரியில் வித்துவானுக்கு அன்று குரல் கட்டியிருந்தாலும் கீர்த்தனை நம்மைக் கரைசேர்த்துவிடும். இங்கே அந்தத் தெப்பம் இல்லை. நல்ல கலைஞர்கள் மூன்று பேர் கூடி, ஒருமணி நேரம் தேடியும் ஒன்றும் கிடைக்காமல் எழுந்துபோகும் மாலைகள் உண்டு. நீ போன அன்று அப்படி நடந்திருக்கலாம். இதனால்தான் இந்த இசைக்குக் கச்சேரித் தொடர் வேண்டும் என்கிறேன். ஒரு நாள் விழாவுக்கு என்று கூப்பிட்டால், யாராக இருந்தாலும் பலித்ததைத்தான் திரும்ப வாசிப்பார்கள். அடுத்த வாரம் இதே கிழமை, இதே மேடை, ஏறக்குறைய இதே முகங்கள் என்ற உறுதி இருந்தால்தான் இன்று தோற்கத் துணிவு வரும். சுதந்திரமாக வாசிப்பவர்களுக்கு வேறு எவரையும்விடக் கிழமையும் நேரமும் ஒழுங்காக அமைய வேண்டும்.

சிகாகோவில் இதைப் புரிந்துகொண்டு வாழ்ந்தவர்கள் பலர். ஃப்ரெட் ஆண்டர்சன் என்ற டெனர் சாக்ஸஃபோன் கலைஞர், 1965இல் ஜார்மனின் அந்த முதல் கச்சேரியில் வாசித்தவர். வீடுகளுக்குத் தரைவிரிப்புப் போட்டுப் பிழைத்தவர். 1982இல் தான் வேலை பார்த்த சிறு மதுக்கடையையே எடுத்து நடத்தி, அதை வெல்வெட் லவுஞ்ச் ஆக்கினார். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் கருவியோடு வந்து பெரியவர்களோடு சேர்ந்து வாசிக்கலாம். முதுமையிலும் கடைக்காரராக ஒரு கை, கலைஞராக ஒரு கை என்று இரண்டையும் விடவில்லை. பழைய கட்டடம் இடிபடப் போகிறது என்றதும் இசைக்காரர்களும் ரசிகர்களும் பணம் திரட்டிக் கொடுத்து, 2006இல் புது இடத்தில் கடை திறக்கச் செய்தார்கள். 2010இல் அவர் மறைந்தார். புல்லாங்குழல் கலைஞர் நிக்கோல் மிட்செல் போன்ற பலர் அந்த மேடையில் வளர்ந்தவர்கள். சங்கத்துக்குத் தலைமை ஏற்ற முதல் பெண் அவர்தான்.

எம்ப்டி பாட்டில் என்ற ராக் இசைக் கூடத்தில், 1996 முதல் 2005 வரை வாரந்தோறும் ஒரு தொடர் நடந்தது. எழுத்தாளர் ஜான் கார்பெட்டும் சாக்ஸஃபோன் கலைஞர் கென் வாண்டர்மார்க்கும் நடத்தியது. ஐரோப்பாவிலிருந்தெல்லாம் கலைஞர்கள் வந்து உள்ளூர்க்காரர்களோடு வாசித்தார்கள். 2013இல் டிரம்ஸ் கலைஞர் மைக் ரீட் கான்ஸ்டலேஷன் அரங்கைத் திறந்தார். அதுவும் வாசிப்பவர் கட்டிய வீடுதான்.

சங்கத்தின் இன்னொரு கொடை பள்ளிக்கூடம். 1967இல் தொடங்கி, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாமல் இசை கற்றுக்கொடுத்தார்கள். ஆப்ரம்ஸே இசையமைப்புப் பாடம் எடுத்தார். 1971இல், பத்தொன்பது வயதில் சங்கத்துக்கு வந்த டிராம்போன் கலைஞர் ஜார்ஜ் லூயிஸ், பின்னாளில் பேராசிரியராகி, 2008இல் சங்கத்தின் வரலாற்றைப் பெரிய நூலாக எழுதினார். 1965இல் பதிந்த அந்த ஒலிநாடாக்கள் அவருக்குக் கைகொடுத்தன. தங்கள் வரலாற்றுக்கான ஆதாரத்தை முதல் நாளிலிருந்தே தாங்களே சேர்த்துவைத்த அந்த முன்யோசனையை நினைத்தால் எனக்கு இன்றும் கை குவிகிறது.

இதெல்லாம் நமக்கு அன்னியம் என்று நினைத்துவிடாதே. பியானோக் கலைஞர் விஜய் ஐயர், அமெரிக்காவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் 1971இல் பிறந்தவர். சிறுவயதில் உன்னைப் போலவே வயலின் படித்தவர். ராஸ்கோ மிட்செலின் குழுவிலும், அதே சங்கத்து டிரம்பெட் கலைஞர் வடாடா லியோ ஸ்மித்தின் குழுவிலும் வாசித்தவர். ஸ்மித்தும் அவரும் இருவராகவே வாசித்த இசைத்தட்டு 2016இல் வந்தது. நூலகத்தில் கேட்டு வாங்கிக் கேள். அவசரமே இல்லாமல் ஒருவர் ஒலிக்கு ஒருவர் காது கொடுப்பதை அதில் தெளிவாகக் கேட்கலாம்.

இனி உனக்கு நான் வைக்கும் கோரிக்கை ஒன்றுதான். இந்தப் பருவம் முடியும்வரை ஒரு தொடரைத் தேர்ந்தெடுத்து விடாமல் போ. பிடித்தாலும் போ, பிடிக்காவிட்டாலும் போ. ஒவ்வொரு முறையும் வீடு திரும்பியதும், கேட்டதில் ஒரே ஒரு ஒலியை மட்டும் உன் நோட்டில் வார்த்தையால் எழுதிவை. வாசலில் பணம் வாங்குகிறவரிடம் பேசு. பெரும்பாலும் அவரும் வாசிப்பவராகத்தான் இருப்பார். நாற்காலி மடக்கி வைக்க ஆள் வேண்டுமா என்று கேள். முப்பது பேர் வரும் அரங்கில் முப்பத்தொன்றாவது ஆள் என்பது சின்ன எண்ணிக்கை இல்லை. திரும்பத் திரும்ப வரும் முகங்களை நம்பித்தான் இவர்கள் துணிகிறார்கள். பருவ முடிவிலும் பிடிக்கவில்லை என்றால், ஏன் பிடிக்கவில்லை என்று காரணத்தோடு எழுது, மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். பிடித்துவிட்டால், பெட்டியில் பூட்டி வைத்திருக்கும் வயலினை எடுத்துக்கொண்டு, யார் வேண்டுமானாலும் வாசிக்கலாம் என்று அழைக்கும் ஏதாவது ஒரு மாலையில் நீயும் போய் உட்கார். தம்பூராவும் வர்ணமும் உனக்குக் கொடுத்த காது அங்கே வீண் போகாது.

அன்புடன்,
உன் அத்தை