மாமல்லபுரம் வரை ஓட்டினால் வேகம் வராது

பதினேழு வயதில் எனக்குத் தெரிந்த பயிற்சி ஒன்றுதான். விடிகாலை நாலரைக்குக் கூடுவாஞ்சேரியில் சைக்கிளில் கிளம்பி, நெல்லிக்குப்பம் வழியாகத் திருப்போரூர், அங்கிருந்து மாமல்லபுரம். கடலைப் பார்த்துவிட்டு அதே வழியில் வீடு. போக வரச் சுமார் 80 கிலோமீட்டர். வந்ததும் தூரத்தை நோட்டில் எழுதி வைப்பேன். கணக்கு ஏற ஏற வேகமும் ஏறும் என்று நம்பினேன். ஒரு வருடம் ஓடியது. என் 200 மீட்டர் ஸ்பிரிண்ட் நேரம் மட்டும் அசையவில்லை.

நோட்டைப் புரட்டிப் பார்த்த கோச் சார், "தம்பி, இது ரோடு ரேஸ்காரனுக்கான உழைப்பு. உனக்கு வேணுங்கிறது வேற" என்றார்.

டிராக் சைக்கிளிங்கில் நான் ஓட்டும் ஸ்பிரிண்ட் பந்தயத்தின் தகுதிச் சுற்றில் கடைசி 200 மீட்டருக்கு மட்டும்தான் நேரம் எடுப்பார்கள். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் நெதர்லாந்தின் ஹாரி லாவ்ரேசன் அதை 9.088 வினாடியில் கடந்தார். மணிக்கு 79 கிலோமீட்டர் வேகம். அதற்கான கால் ஜிம்மில் ஸ்குவாட் எடையின் கீழும், ஆறேழு வினாடி முழு மூச்சில் மிதிப்பதிலும் உருவாகிறது. ஒரு மிதி முடிந்தால் பத்துப் பதினைந்து நிமிடம் ஓய்வு. காலையில் நாலைந்து முறை, அவ்வளவுதான் பயிற்சி. எனக்குப் பெரும் சோதனையே அந்த ஓய்வுதான். உட்கார்ந்திருந்தால் சோம்பேறித்தனம் என்று மனம் அரிக்கும். ஓய்வைக் குறைத்த நாட்களில் மூன்றாவது மிதி முதலாவதைவிட மெதுவாக இருந்தது. ஸ்டாப்வாட்ச் காட்டிய பிறகுதான் உட்காரக் கற்றேன்.

டிராக் சைக்கிளுக்கு பிரேக் கிடையாது, ஃப்ரீவீலும் கிடையாது. சக்கரம் சுற்றும்வரை பெடலும் சுற்றும். முதல் வாரம் டிராக்கின் சாய்வான வளைவிலிருந்து இறங்கும்போது ரோட்டுப் பழக்கத்தில் மிதிப்பதை நிறுத்தினேன். பெடல் காலைத் தூக்கி, உடம்பையே சீட்டிலிருந்து ஒரு சாண் எழுப்பிவிட்டது. ஹேண்டில்பாரை இறுகப் பிடித்திருந்ததால் விழவில்லை. புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது: டிராக்கில் ஏறுமுன் இரண்டு வாரமாவது, நின்ற இடத்திலேயே ஓட்டும் ரோலரில் ஃபிக்ஸட் கியர் ஓட்டுங்கள். வேகத்தைக் குறைக்க, கால் தானாகவே பெடலுக்கு எதிராக அழுத்தப் பழக வேண்டும்.

நேரம் எடுக்கும் கோட்டுக்கு முன்பே முழு பலத்தையும் கொட்டிவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. நான் பல போட்டிகளில் செய்தேன். வளைவின் உச்சியில் பொறுமையாகச் சுற்றி, சரிவே தரும் வேகத்தை வாங்கிக்கொண்டு கோட்டுக்குள் இறங்க வேண்டும். இருவர் மோதும் சுற்றில் இந்தப் பொறுமை இன்னும் முக்கியம். முன்னால் போகிறவர் காற்றைக் கிழிக்கிறார். பின்னால் வருகிறவர் அந்த நிழலில் பலத்தைச் சேமிக்கிறார். அதனால்தான் நடைவேகத்தில் உருட்டி ஒருவரை ஒருவர் கண்காணிக்கிறோம்.

விலை உயர்ந்த ஃபிரேமுக்குக் கடன் வாங்காதீர்கள். முதல் இரண்டு வருடம் நான் ஓட்டியது சீனியர் ஒருவரிடம் வாங்கிய பழைய சைக்கிள். கையிலிருக்கும் பணம் சாப்பாட்டுக்கும் டயருக்கும் போகட்டும். படிப்பையும் விடாதீர்கள். நம் நாட்டில் இந்த விளையாட்டைத் தொழிலாக்க ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலைதான் பெரும்பாலும் வழி. அதற்கும் படிப்புச் சான்றிதழ் கேட்பார்கள்.

நம்மால் முடியுமா என்று கேட்பவர்களுக்கு: 2019-ல் ஜெர்மனியில் நடந்த ஜூனியர் உலக சாம்பியன்ஷிப்பில், அந்தமானின் எசோ ஆல்பனும் மணிப்பூரின் ரொனால்டோ சிங்கும் ரோஜித் சிங்கும் டீம் ஸ்பிரிண்டில் தங்கம் வென்றார்கள். 2022-ல் டெல்லியில் நடந்த ஆசிய டிராக் சைக்கிளிங் சாம்பியன்ஷிப்பில் ரொனால்டோ தனிநபர் ஸ்பிரிண்டில் வெள்ளி வாங்கினார்.

எங்கள் ஊர் வழியே போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு வேகம் பழகும் பையன்களை இன்றும் பார்க்கிறேன். தம்பிகளே, அதை இன்றோடு விட்டுவிடுங்கள். லாரி பிரேக் போட்டால் உங்களுக்கு ஒரு வினாடி கூடக் கிடைக்காது. வேகம் பழக இடம் வேண்டுமா? 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளையோர் போட்டியின் டிராக் பந்தயங்கள் நடந்த மேலக்கோட்டையூர் விளையாட்டுப் பல்கலைக்கழகம், வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையில், நமக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மாவையும் அழைத்துக்கொண்டு அங்கே போய் விசாரியுங்கள்.