காட்டுச் சூரியகாந்தியை இனங்காண்போம்

வறண்ட பகுதிகளில் பயிர் செய்து, இடம்பெயர்ந்து கண்டிப் பக்கம் வந்திருப்போருக்கு இச்செடி புதிதாகத் தோன்றலாம். பேராதனை, கம்பளை வீதியோரங்களில் மஞ்சளாகப் பூத்து நிற்பது இதுவே. தாயகம் மெக்சிக்கோ, 1851இல் இலங்கைக்கு வந்தது.

ஆளைவிட உயரமாக வளரும். இலை மூன்று அல்லது ஐந்து மடல்களாகப் பிரிந்திருக்கும். பூவுக்குக் கீழே காம்பைத் தொட்டுப் பாருங்கள்: தடித்து, உள்ளே கோறையாக இருக்கும். நிலத்தில் படர்ந்து சிறிய மஞ்சட் பூப் பூக்கும் கொடி வேறு. அதன் இலையும் மூன்று மடலாகத் தெரிவதால் பலர் ஏமாறுகிறார்கள்.

யூரியா வாங்கக் காசில்லாத வீட்டுக்கு இதன் பச்சிலை நல்ல பசளை. நைதரசனும் பொட்டாசியமும் நிறைந்தது, விரைவில் உக்கும். விதை முற்றுமுன் வெட்டி, இலையையும் இளங்குருத்தையும் மட்டும் பாத்தியில் புதையுங்கள். முற்றிய தண்டைப் புதைத்தால் அது வேர்விட்டுத் தோட்டத்தையே பிடித்துவிடும். பிறர் காணியென்றால், சொந்தக்காரரிடம் கேட்டே வெட்டுங்கள்.