பிரிண்டரில் மை எவ்வளவு மிச்சம்? வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம்



2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்டு, பாடங்கள் வட்ஸ்அப்பில் வந்த நாட்கள் ஞாபகம் இருக்கும். ஒரு பக்கம் அச்செடுக்கவும் டவுனுக்குப் போக வழியில்லை. அதற்குப் பிறகு சில வீடுகளில் காசு சேர்த்து பிரிண்டர் வாங்கினார்கள். லயத்தில் ஒரு வீட்டில் பிரிண்டர் இருந்தால் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் அங்கேதான் வருவார்கள்.

பிரிண்டர் வாங்கியாச்சு. ஆனால் மை எப்ப தீரும் என்று தெரியாமல் இரண்டு விதமாக நஷ்டப்படுகிறோம். ஒன்று, விண்ணப்பம் அனுப்ப வேண்டிய கடைசி நாளுக்கு முதல் இரவில் மை நின்றுபோகும். கடைசி பஸ்ஸும் போயிருக்கும். மற்றது, சிவப்பு லைட் எரிந்தவுடன் பயந்து, மை மிச்சம் இருக்கும்போதே கார்ட்ரிஜைக் குப்பையில் போடுவது. ஒரு கார்ட்ரிஜின் விலை ஒரு நாள் சம்பளத்தைத் தாண்டும். மை எல்லாம் வெளிநாட்டிலிருந்து வருகிற சாமான். 2022 மார்ச் தொடக்கத்தில் சுமார் 200 ரூபாவாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாவானபோது மையின் விலையும் ஏறியது. ஆகவே மையைப் பார்க்கப் பழகுவது வீட்டுச் செலவைப் பார்க்கப் பழகுவதுதான்.

1. உங்கள் பிரிண்டர் எந்த வகை?

வீடுகளில் உள்ளவை பெரும்பாலும் இரண்டு வகை.

தாங்கி வகை: பக்கத்திலோ முன்னாலோ கண்ணாடி போன்ற சிறு தாங்கிகள் நான்கு இருக்கும். போத்தலில் வரும் மையை அதில் ஊற்ற வேண்டும். எப்சன் கம்பனி 2010இல் இந்தோனேசியாவில் இந்த வகையை முதலில் விற்றது. இப்போது கெனன், எச்.பி. கம்பனிகளும் செய்கின்றன.

கார்ட்ரிஜ் வகை: மூடியைத் திறந்தால் உள்ளே இரண்டு சிறு பெட்டிகள் இருக்கும். ஒன்று கறுப்பு, மற்றது கலர். வெளியிலிருந்து பார்த்தால் மை தெரியாது.

2. தாங்கி வகை: கண்ணே சாட்சி

மண்ணெண்ணெய் விளக்கின் கண்ணாடியைப் பார்ப்பது போலத்தான். பிரிண்டரைச் சமமான மேசையில் வைத்து, தாங்கிக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு இருக்கும். மேல் கோட்டுக்கு மேலே ஊற்றக்கூடாது. கீழ்க் கோட்டுக்குக் கீழே இறங்க விடக்கூடாது.

கீழ்க் கோட்டை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? மை அதற்கும் கீழே போனால் குழாய்க்குள் காற்று ஏறிவிடும். காற்று ஏறினால் அச்சுத் தலை பழுதாகலாம். போத்தல் மைக்குச் செலவாகும் காசு கொஞ்சம். அச்சுத் தலைக்கு நிறைய.

ஒரு முக்கியமான விசயம். சில தாங்கி பிரிண்டர்களில் கம்பியூட்டர் திரையிலும் மை அளவு காட்டும். அது தாங்கியை அளந்து சொல்வது அல்ல. நீங்கள் மை ஊற்றிவிட்டு, "நிரப்பியாச்சு" என்று அமர்த்திய நாளிலிருந்து அதுவாகப் போட்ட கணக்கு. பாதிதான் ஊற்றியிருந்தாலும் நிறைந்திருக்கிறது என்றே காட்டும். திரையை விட்டுவிட்டுத் தாங்கியையே நம்புங்கள்.

3. கார்ட்ரிஜ் வகை: பிரிண்டர் போடும் செக்ரோல்

இதில் கண்ணால் பார்க்க வழியில்லை. பிரிண்டரையே கேட்க வேண்டும்.

கம்பியூட்டரில்: 'செட்டிங்ஸ்' உள்ளே 'பிரிண்டர்ஸ் அன்ட் ஸ்கேனர்ஸ்' என்ற இடத்துக்குப் போய், உங்கள் பிரிண்டரின் பெயரை அமர்த்துங்கள். அங்கே 'பிரிண்டிங் பிரிபரன்சஸ்' என்பதைத் திறந்தால், பல பிரிண்டர்களில் 'மெயின்டெனன்ஸ்' என்ற பகுதி வரும். மை அளவு அங்கே படமாகத் தெரியும்.

போனில்: கம்பனியின் செயலியை இறக்கி, பிரிண்டரை வைஃபையில் இணைத்தால் அதிலும் தெரியும். வைஃபை இல்லாத பிரிண்டருக்கு இது சரிவராது.

பிரிண்டரிலேயே: மைத்துளி படம் போட்ட லைட் எரிந்தால் அல்லது மின்னினால், மை குறைகிறது என்று அர்த்தம்.

இந்த அளவையும் முழு உண்மை என்று எடுக்கக்கூடாது. மடுவத்தில் கொழுந்தை நிறுப்பது போல கார்ட்ரிஜுக்குள் மையை நிறுக்க அநேகமான பிரிண்டர்களில் தராசு கிடையாது. இத்தனை துளி தெளித்தேன் என்று செக்ரோல் போடுவது போல எண்ணிக்கொண்டு வருகிறது. அந்த எண்ணிக்கையை வைத்து மிச்சத்தை மதிப்பிட்டுச் சொல்கிறது. முன்கூட்டியே ஆயத்தமாவதற்குத்தான் இந்த எச்சரிக்கை என்று கம்பனிகளே சொல்கின்றன. எழுத்து தெளிவாக விழும்வரை கார்ட்ரிஜை மாற்றத் தேவையில்லை.

மை திரும்ப அடைத்த கார்ட்ரிஜ் என்றால் இந்தக் கணக்கு அறவே சரிவராது. மை நிறைய இருந்தாலும் 'காலி' என்றே காட்டும்.

4. சோதனைத் தாள்

திரை ஒன்று சொல்கிறது, எழுத்து வேறொன்று சொல்கிறது என்றால் சோதனைத் தாள் எடுங்கள். 'மெயின்டெனன்ஸ்' பகுதியில் 'நொசில் செக்' என்று இருக்கும். கோடுகள் அறாமல் விழுந்தால் மை ஒழுங்காக வருகிறது. இடைக்கிடை அறுந்திருந்தால் துவாரம் அடைத்திருக்கிறது, அல்லது மை முடிகிறது.

தாங்கியில் மை இருந்தும் கோடு அறுந்தால் அது அடைப்பு. 'கிளீனிங்' ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். ஆனால் ஒவ்வொரு கிளீனிங்கும் மையைக் குடிக்கும். மூன்று தடவைக்கும் சரிவராவிட்டால் நிறுத்திவிட்டு, 12 மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள்.

5. கொப்பிக் கணக்கு

பிள்ளையின் பழைய கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். மை போட்ட தேதியை எழுதி, அச்செடுத்த பக்கங்களை அன்றன்றைக்குக் கூட்டி வாருங்கள். எச்.பி. 680 கறுப்புக் கார்ட்ரிஜுக்குக் கம்பனி சொல்லும் கணக்கு சுமார் 480 பக்கம். கலருக்கு சுமார் 150. எப்சன் 003 கறுப்பு மை 65 மில்லிலீற்றர் போத்தல். அதற்கு சுமார் 4,500 பக்கம். இது அளவாக எழுத்து உள்ள பக்கத்துக்கான கணக்கு. படமும் போட்டோவும் எடுத்தால் வெகுவாகக் குறையும். புதுப் பிரிண்டரில் முதல் மையில் ஒரு பங்கு குழாய்களை நிரப்பவே போய்விடும்.

680 கறுப்பில் 350 பக்கம் தாண்டிவிட்டதா? அடுத்த சம்பளத்தில் ஒன்று வாங்கி வையுங்கள். வாங்கியதைப் பிரிக்காமல் வைத்து, பழையது முடிந்த பிறகே போடுங்கள்.

6. மை வீணாகாமல் இருக்க

• படிப்பதற்கு மட்டும் எடுக்கும் தாளுக்கு 'டிராஃப்ட்' போதும். விண்ணப்பத்துக்கு மட்டும் நல்ல தரம்.
• கரண்ட் பிளக்கைப் பிடுங்கி பிரிண்டரை நிறுத்தாதீர்கள். பட்டனில் நிறுத்தினால்தான் அச்சுத் தலை மூடிக்கொள்ளும், மை காயாது.
• வாரத்துக்கு ஒரு பக்கமாவது எடுங்கள். சும்மா கிடந்தால் துவாரம் அடைக்கும்.
• மைப் போத்தலைச் சின்னப் பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

7. அடிக்கடி கேட்கும் கேள்விகள்

"கலர் முடிஞ்சிருச்சு, கறுப்பு இருக்கு. விண்ணப்பம் இன்னைக்கே போகணும். என்னா செய்யிறது?"

எச்.பி. 680 போடும் டெஸ்க்ஜெட் 2135 போன்றவற்றில் கலர் கார்ட்ரிஜைக் கழற்றிவிட்டால் கறுப்பில் மட்டும் அச்சாகும். அவசரத்துக்கு இது கைகொடுக்கும். தாங்கி வகையில் இப்படிச் செய்ய முடியாது. எல்லா நிறமும் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

"கறுப்பு எழுத்துதானே எடுக்குறோம், கலர் ஏன் குறையுது?"

அச்சுத் தலையைச் சுத்தமாக வைக்க பிரிண்டர் எல்லா நிறத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கும். கறுப்பை எடுப்பாக்க கலரைக் கலப்பதும் உண்டு. 'கிரேஸ்கேல்' என்று தெரிவு செய்தால் ஓரளவு மிச்சமாகும்.

வீட்டுப் பயிற்சி

இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் பெரிய பிள்ளையைக் கூப்பிட்டு மூன்றையும் செய்யச் சொல்லுங்கள்: தாங்கியை அல்லது திரையைப் பார்ப்பது, ஒரு சோதனைத் தாள் எடுப்பது, கொப்பியில் தேதி போடுவது. பிறகு, வரப்போகும் விண்ணப்பங்களின் கடைசித் தேதிகளையும் அதே பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். ஒவ்வொரு தேதிக்கும் ஒரு வாரம் முன்னால் மையைப் பார்த்துவிட்டால், குறைந்திருந்தாலும் டவுனுக்குப் போய் வாங்கி வர நேரம் இருக்கும்.