உணவும் அதன் உறையும்

நாம் உண்ணும் உணவைப் பற்றிப் பல கேள்விகள் கேட்கிறோம். ஹலாலானதா, இன்று சமைத்ததா, சுத்தமாகச் செய்ததா, விலை நியாயமானதா என்றெல்லாம் விசாரிக்கிறோம். இவ்வளவும் விசாரித்த பிறகு, கொதிக்கும் குழம்பை மெல்லிய பிளாஸ்டிக் பையில் ஊற்றி, வாயை ரப்பர் வளையத்தால் முடிந்து கொடுத்தால் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டு போகிறோம். உணவு நல்லதாக இருந்தால் மட்டும் போதாது. அது இருக்கும் உறையும் நல்லதாக இருக்க வேண்டும். இந்த விஷயத்தை நம் சகோதர சகோதரிகளுக்கு எளிய முறையில் எடுத்துச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முன்னிருந்த வழக்கம்

பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டங்களில், பொழுது விடியுமுன் பால் வெட்டப் போனவர்கள் சோற்றைத் தூக்குச்சட்டியில் கொண்டு போனார்கள். ஈப்போ கோப்பிக் கடைகளில், வீட்டுக்கு வாங்கிச் செல்வோருக்குக் காலியான பால் டின்னில் கயிறு கட்டி ஊற்றிக் கொடுப்பது வழக்கமாக இருந்தது. நாசி லெமாக்கை வாழையிலையில் மடித்தார்கள். வறுத்த மீயைப் பாக்குமட்டையில் கட்டினார்கள். பழையவை எல்லாமே குற்றமற்றவை என்று நாம் சொல்ல வரவில்லை. அக்காலத்து டின்களைப் பற்றவைக்க ஈயம் கலந்த உலோகம் பயன்பட்டதுண்டு. ஆனால் இலையும் மட்டையும் மங்குக் குவளையும் போய், எல்லாவற்றுக்கும் பிளாஸ்டிக் என்ற நிலை பிற்பாடு வந்ததாகும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்டன, பல செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறின. லயன் வீடுகளில் இருந்தவர்கள் புந்தோங், சுங்கை சிப்புட் போன்ற இடங்களில் குடியேறினர். கணவன் மனைவி இருவரும் வேலைக்குச் செல்லும் குடும்பங்களில் உணவைக் கடையில் வாங்குவது அன்றாட வழக்கமாயிற்று. அதோடு பையும் வந்தது. காலையில் தே, மத்தியானம் குழம்பு, மாலையில் சூப்பு என்று ஒரே நாளில் மூன்று பைகள் ஒரு வீட்டுக்குள் நுழைகின்றன.

பிளாஸ்டிக் என்பது என்ன?

பிளாஸ்டிக் என்பது ஒரே பொருளன்று. பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து கிடைக்கும் சிறுசிறு மூலக்கூறுகளை, மணிமாலை கோப்பது போல நீளமாகக் கோத்துச் செய்யும் பலவகைப் பொருள்களுக்கு அது பொதுப்பெயர். 1933ஆம் ஆண்டு இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியின் ஆய்வுக்கூடத்தில் தற்செயலாகக் கண்டறியப்பட்ட பாலிஎத்திலீன் என்பதே இன்று நம் கடைகளில் தொங்கும் பைகள் பலவற்றின் மூலப்பொருள்.

கோத்த மாலை எளிதில் அசையாது. ஆனால் கோக்கப்படாமல் உள்ளே தங்கிவிட்ட மணிகள் அசையும். பிளாஸ்டிக் மிருதுவாகவும், நிறமாகவும், வெடிக்காமலும் இருப்பதற்காகச் சேர்க்கும் இரசாயனங்களும் பெரும்பாலும் அந்த மாலையோடு பிணைக்கப்பட்டவை அல்ல. இவை மெல்ல நகர்ந்து உணவில் இறங்குகின்றன. இது கண்ணுக்குத் தெரியாது. நாக்குக்கும் பெரும்பாலும் தெரியாது. சோப்புப் பெட்டிக்கு அருகில் நெடுநாள் வைத்த தேயிலைக்குப் பொட்டலம் கிழியாமலே சோப்பு வாசம் ஏறிவிடுவதை மளிகைக் கடைக்காரர் எவரும் அறிவர். உறை என்பது நாம் நினைப்பதைப் போல முழுச் சுவர் அன்று.

இந்த நகர்ச்சியை அதிகப்படுத்தும் காரணங்கள் நான்கு.

முதலாவது சூடு. தண்ணீர் கொதிப்பது 100 டிகிரியில். பலகாரம் பொரியும் எண்ணெய் 170, 180 டிகிரி வரை போகும். மெல்லிய பாலிஎத்திலீன் பை 100 டிகிரியைச் சற்றுத் தாண்டினாலே உருகத் தொடங்கும். வெள்ளைப் பாலிஸ்டிரீன் பெட்டியும் ஏறத்தாழ 100 டிகிரியில் இளகிவிடும். இரண்டாவது எண்ணெய். பிளாஸ்டிக்கில் உள்ள இரசாயனங்கள் பல, தண்ணீரில் கரைவதைவிட எண்ணெயிலும் நெய்யிலும் தேங்காய்ப் பாலிலும் எளிதாகக் கரையும். மூன்றாவது புளிப்பு. புளிக்குழம்பும் எலுமிச்சையும் காடியும் சிலவகைப் பொருள்களை அரிக்கும். நான்காவது நேரம். பையில் எவ்வளவு நேரம் உணவு கிடக்கிறதோ, அவ்வளவுக்கு அதிகம் இறங்கும்.

ஆகவே ஆறிய ரொட்டியை ஐந்து நிமிடம் பையில் கொண்டு போவதும், கொதிக்கும் கறிக்குழம்பை இரண்டு மணி நேரம் அதே பையில் வைப்பதும் ஒன்றாகா. புந்தோங்கில் கச்சாங் பூத்தே, முறுக்கு செய்யும் தொழிலில் உள்ளவர்கள் சரக்கை நன்றாக ஆறவைத்த பிறகே பொட்டலம் கட்டுவர். சூட்டோடு கட்டினால் வேர்த்து நமுத்துப்போகும் என்பது அவர்கள் கணக்கு. அந்தத் தொழிற்கணக்கு உடம்புக்கும் நன்மையான கணக்கே.

ஆராய்ச்சியில் கண்டவை

தைவான் நாட்டில் 12 பேரை வைத்து நடத்திய ஒரு சோதனை 2013ஆம் ஆண்டு வெளியாயிற்று. சூடான மீ சூப்பை ஒருமுறை மெலமைன் கிண்ணத்திலும் மறுமுறை பீங்கான் கிண்ணத்திலும் குடிக்கச் செய்து, அவர்களுடைய சிறுநீரைச் சோதித்தார்கள். பீங்கானில் குடித்தபோது சிறுநீரில் கண்ட மெலமைன் மூன்று நாளில் ஏறத்தாழ 1.3 மைக்ரோகிராம். மெலமைன் கிண்ணத்தில் குடித்தபோது அது 8.3 மைக்ரோகிராம். நம் கோப்பிக் கடைகளிலும் ஒட்டுக்கடைகளிலும் மீ சூப்பு பெரும்பாலும் எந்தக் கிண்ணத்தில் வருகிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். இந்த அளவினால் நோய் வந்தது என்று அச்சோதனை சொல்லவில்லை. கிண்ணம் உணவில் இறங்கியது என்பதைத்தான் அது காட்டியது.

அடுத்தது பிஸ்பினால் ஏ என்னும் இரசாயனம். கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக்கிலும், உணவு டின்களின் உட்பூச்சிலும் அது பயன்பட்டது. உடலில் சுரக்கும் பெண்மைச் சுரப்புநீரைப் போல அது நடிக்கக்கூடியது என்பது 1930களிலேயே தெரிந்திருந்தது. மலேசிய அரசு 2012 மார்ச் 1 முதல் இந்த இரசாயனம் கலந்த குழந்தைப் பால் புட்டிகளைத் தடை செய்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2023இல், அன்றாடம் உடலில் சேரலாம் என்று தான் முன்பு சொன்ன அளவை 20,000 மடங்கு குறைத்தது. உணவு படும் பொருள்களில் அதைத் தடுக்கும் ஐரோப்பியச் சட்டம், மாற்றிக்கொள்ளத் தவணையுடன், 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. நேற்று அபாயமில்லை என்றது இன்று அபாயம் எனப்படலாம் என்பதற்கு இது சான்று.

மூன்றாவது பால் புட்டி. அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரின் டிரினிட்டி கல்லூரியார் 2020இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், பாலிபுரோப்பிலீன் புட்டியில் சூடான நீர் விட்டுக் குலுக்கினால் ஒரு லிட்டருக்கு 1 கோடியே 60 லட்சம் வரை நுண்துகள்கள் உதிரக்கூடும் என்று கண்டார்கள். சூடு ஏற ஏறத் துகளும் ஏறியது. அவர்கள் சொன்ன பரிகாரம் எளியது: பிளாஸ்டிக் அல்லாத பாத்திரத்தில் பாலைக் கரைத்து, ஆறவைத்து, பிறகு புட்டியில் ஊற்றுவது. இதைத் தாய்மார்கள் கவனிக்க வேண்டும்.

வெள்ளைப் பெட்டியின் மூலப்பொருளான ஸ்டிரீனை, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும் எனக் கருதத்தக்க பொருள்களின் வரிசையில் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2018இல் வைத்தது. ஆலையில் அதைச் சுவாசிக்கும் தொழிலாளர்களையும், சோதனைப் பிராணிகளையும் பார்த்துச் செய்த முடிவு அது. பெட்டியிலிருந்து உணவில் இறங்குவது அதைவிட மிகச் சொற்பம். ஆகையால் ஒருநாள் பெட்டியில் சாப்பிட்டதற்காக யாரும் திகிலடைய வேண்டியதில்லை. சொற்பமானாலும் அன்றாடம், ஆண்டுக்கணக்கில், கருவுற்றவர்களுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் சேருவதுதான் கவலைக்குரியது.

சட்டம் சொல்வது

நம் நாட்டில் 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும் 1985ஆம் ஆண்டின் உணவு விதிமுறைகளும் உள்ளன. உணவுக்குத் தீங்கு சேர்க்கும் உறைகளை அவை தடுக்கின்றன. உணவல்லாத பொருள் இருந்த கொள்கலத்தில் உணவை வைத்து விற்பதும் குற்றம். தோட்டத்துக் குடும்பங்களுக்கு இது மிக அவசியமான விதி. ரப்பர்ப் பாலை உறையவைக்கும் அமிலம் வந்த பீப்பாயையும், களைக்கொல்லி வந்த தோம்பையும் கழுவித் தண்ணீர் பிடித்து வைப்பது மிகத் தவறு. பிளாஸ்டிக் தன்னுள் உறிஞ்சியதைச் சோப்பு முழுதும் எடுக்காது. பிற்பாடு அது தண்ணீரில் இறங்கும். பேராக்குவாட் என்னும் களைக்கொல்லி 2020 ஜனவரி 1 முதல் நம் நாட்டில் தடை செய்யப்பட்டது. ஆனால் பழைய தோம்புகள் எங்காவது கிடக்கலாம்.

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல், உணவு மடிக்கும் பிளாஸ்டிக் தாள் உட்பட ஒருமுறை பயன்படுத்தும் பல பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை வந்தது. 2021 டிசம்பரில் மஞ்சள் பையை மீண்டும் கொண்டுவரும் இயக்கத்தையும் அரசு தொடங்கியது. இந்தியாவின் உணவு உறை விதிகள், செய்தித்தாளில் உணவு மடிப்பதையும் தடுக்கின்றன. அச்சு மையும் இறங்கும் பொருளே. நம் நாட்டில் பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் இவ்விஷயத்தில் பல்லாண்டுகளாக எச்சரித்து வந்திருக்கிறது. அதன் தலைவராக நெடுங்காலம் உழைத்து 2019 மே மாதம் காலமான எஸ்.எம். முகம்மது இத்ரீஸ், தமிழகத்தில் பிறந்து இந்நாட்டில் வாழ்ந்த நம்மவர் என்பது நமக்குப் பெருமை.

கடைக்காரர்களுக்கு

கடை நடத்தும் நாம் இதில் உள்ள சங்கடத்தை அறிவோம். பை சில காசு. நல்ல டப்பா அதைப்போல் பல மடங்கு. "பாத்திரம் கொண்டு வாருங்கள்" என்றால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்ற அச்சமும் உண்டு. ஒரு கடை தனியாகச் செய்தால் அச்சம் நியாயமே. ஒரு தெருவிலுள்ள கடைகள் யாவும் சேர்ந்து செய்தால் போவதற்கு அடுத்த கடை இராது. பாத்திரம் கொண்டு வருகிறவருக்குப் பையின் விலையைக் குறைத்துக் கொடுத்தாலும் நமக்கு நஷ்டமில்லை.

நோன்புக் கஞ்சி

இப்போது நம் ஜமாஅத்துகள் கவனிக்க வேண்டிய காரியத்துக்கு வருகிறோம். நோன்புக் கஞ்சி அடுப்பிலிருந்து இறங்கியதும் கொதிப்போடு பையில் விழுகிறது. அதில் தேங்காய்ப் பாலும் நெய்யும் இறைச்சிக் கொழுப்பும் உண்டு. அஸருக்குப் பின் வாங்கியது மக்ரிப் வரை அப்பையிலேயே இருக்கிறது. சூடு, எண்ணெய், நேரம் ஆகிய மூன்றும் ஒன்றுகூடும் உணவு இதைவிட வேறொன்று நமக்குத் தெரியவில்லை. அதுவும் முப்பது நாள் தொடர்ந்து. வாங்கிப் போகிறவர்களில் பலர் சிறு பிள்ளைகள்.

தமிழகத்து ஊர்களில் கஞ்சிக்குத் தூக்கோடு வரிசையில் நிற்பது வழக்கம். அதை இங்கும் நிலைநிறுத்தலாம். நோன்புக்கு இரண்டு வாரம் முன்னதாகவே ஜும்ஆவில் அறிவிக்கலாம். பாத்திரமில்லாத வெளிநாட்டுத் தொழிலாளர்களும் வழிப்போக்கர்களும் வருவார்கள். அவர்களை வெறுங்கையோடு அனுப்பலாகாது. அவர்களுக்கென வசூல் செய்து நூறு எவர்சில்வர் தூக்குகளைப் பள்ளிவாசலில் வாங்கி வைத்தால் அவை பல ஆண்டு உழைக்கும். அதுவும் இயலாத இடத்தில், கஞ்சியை நன்றாக ஆறவிட்டு, அடியில் 5 என்ற எண் உள்ள டப்பாவில் கொடுப்பது பையைவிட மேல்.

வீட்டுக்குச் சில விதிகள்

சூடானதையும் எண்ணெயுள்ளதையும் எவர்சில்வர், கண்ணாடி, பீங்கான் ஆகியவற்றிலேயே வைக்க வேண்டும். பையில் வாங்க நேர்ந்தால் வீடு சேர்ந்ததும் மாற்றிவிட வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பில் பிளாஸ்டிக்கோடு உணவைச் சூடாக்கலாகாது. டப்பாவின் அடியில் முக்கோணத்துள் உள்ள எண்ணைப் பார்க்க வேண்டும். 3, 6, 7 ஆகிய எண்கள் உள்ளவற்றைச் சூட்டுக்கு விலக்குவது நல்லது. 7 என்பது பலவகைகளுக்குப் பொது எண். கீறல் விழுந்த, மங்கிப்போன டப்பாக்களை உணவுக்குப் பயன்படுத்தலாகாது. தண்ணீர்ப் போத்தலை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவைக்கலாகாது. ஊறுகாயைக் கண்ணாடிச் சாடியில் வைக்க வேண்டும்.

இவற்றில் பெருஞ்செலவுள்ளது ஒன்றுமில்லை. ஒவ்வொரு வீட்டுச் சமையற்கட்டிலும் ஒரு தூக்கு இருக்கத்தான் செய்கிறது. அதைக் கழுவித் துடைத்துக் கடைக்குக் கையோடு கொண்டு வாருங்கள். கொண்டு வருகிறவரை முகம் சுளிக்காமல் வரவேற்பது கடைக்காரர்களாகிய நம் கடமை. வரும் நோன்புக்கு முன்பாக ஒவ்வொரு ஜமாஅத்தும் இதைத் தன் கூட்டத்தில் எடுத்துப் பேசி ஒரு முடிவு செய்ய வேண்டுமென அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.