சின்ன வயிற்றுக்குச் சத்தான காலைச் சாப்பாடு



எடையைக் குறைக்க இரைப்பையைச் சிறிதாக்கும் அறுவை சிகிச்சை சென்னையில் பல மருத்துவமனைகளில் நடக்கிறது. அதிக எடையோடு சர்க்கரை நோயும் சேர்ந்து அவதிப்படுகிறவர்களுக்கு டாக்டர்கள் இதைச் சொல்வதுண்டு. ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு, "ரெண்டு வாயிலேயே வயிறு அடைச்சிடுது, கொஞ்ச நேரத்துல திரும்பப் பசிக்குது, காலையில என்னதான் சாப்பிடறது?" என்ற கேள்வி வரும். அதை இந்த மாதப் பாடமாகப் பார்ப்போம்.

வயிறு எவ்வளவு கொள்ளும்?

'ஸ்லீவ்' முறையில் இரைப்பையில் நான்கில் மூன்று பங்கு எடுக்கப்படுகிறது. மீதியில் ஆரம்பத்தில் 100 முதல் 150 மில்லிதான் கொள்ளும். அதாவது ஒரு டீ டம்ளர் அளவு. இனி அளவைக் கூட்டிப் பசியை அடக்க முடியாது. அந்த டம்ளருக்குள் எதைப் போடுகிறோம் என்பதுதான் முக்கியம்.

நாளுக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும். ஒரு இட்லியில் சுமார் 2 கிராம், ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது. 2022-ல் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் நம் குழுப் பெண்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு உப்புமா, கிச்சடி, பொங்கல் சமைக்கிறார்கள். ஓடியாடும் பிள்ளைக்கு அது நல்லது. ஆனால் சின்ன வயிற்றில் ரவையும் அரிசியுமே இடத்தைப் பிடித்துக்கொண்டால் புரதத்துக்கு இடமிருக்காது.

எதைச் சாப்பிடலாம்?

முதல் சில வாரங்கள் நீராகாரம், பிறகு மசித்தது, பிறகு மென்மையானது என்று டாக்டர் சொன்னபடிதான் போக வேண்டும். வழக்கமான உணவுக்கு அவர் அனுமதித்த பிறகு இவற்றில் ஒன்று போதும்:

* வேகவைத்த முட்டை 1, கெட்டிப் பருப்பு 2 கரண்டி
* பச்சைப்பயறு தோசை சிறியது 1, கெட்டித் தயிர்
* பனீர் பொடிமாஸ் அரைக் கிண்ணம்
* குழைய வேகவைத்த பயறு அரைக் கிண்ணம்

இட்லி ஆசையா? முதலில் முட்டை அல்லது பருப்பு, இடமிருந்தால் கடைசியில் அரை இட்லி.

மறக்கக் கூடாதவை

1. நன்றாக மென்று, 20 நிமிடமாவது எடுத்துச் சாப்பிடவும்.
2. சாப்பாட்டோடு தண்ணீர் வேண்டாம். அரை மணி கழித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கவும்.
3. வெல்லக் கஞ்சி, சர்க்கரை அதிகம் போட்ட டீ வேண்டாம். முக்கியமாக 'பைபாஸ்' முறையில் ஆபரேஷன் செய்தவர்களுக்குப் படபடப்பு, வியர்வை, வயிற்றுப்போக்கு வரலாம்.
4. வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகளை டாக்டர் சொன்னபடி விடாமல் சாப்பிடவும். இரும்பு மாத்திரையை டீயோடு போடக் கூடாது.
5. வாந்தி நிற்கவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவும்.

நம் பழக்கம் மாற வேண்டும்

திருமழிசை சிட்கோ கம்பெனிகளுக்குக் காலை ஷிப்ட் போகும் வீடுகளில் என்ன நடக்கிறது? எல்லோருக்கும் டிபன் கட்டிவிட்டு, நாம் ஒரு டீயோடு கிளம்புகிறோம். "மதியம் சேர்த்துச் சாப்பிட்டுக்கலாம்" என்கிறோம். ஆபரேஷன் ஆனவருக்கு இது நடக்காது. காலையில் விட்டதை மதியம் சேர்த்துப் போட அந்த வயிற்றில் இடமில்லை. புரதம் குறைந்தால் முடி கொட்டும், தசை கரையும், உடம்பு அசந்துபோகும். எடை குறைவதைப் பார்த்துச் சந்தோஷப்படும் வீட்டார் இதைக் கவனிக்காமல் போகலாம்.

அதனால், அந்தச் சகோதரிக்கான முட்டையும் பருப்பும் கடைசியில் மீந்தால் என்று இல்லாமல், முதலில் எடுத்து வைக்கப்படட்டும். அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பேசுவோம்: நம் வீட்டில் காலையில் கடைசியாகச் சாப்பிடுவது யார்?